ஐம்பதில் வளைந்தவர்கள்

எனக்கு 48 வயதானபோது, சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா மகன், முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, தங்கச்சி?" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அவர் மனதில் ஒன்றும் இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு அதிரசத் தட்டை நிரப்புகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தப் பழமொழி என்னோடு வகுப்புக்கும் வந்தது. பென்சிலைச் சீவும்போது, கோடு கோணலாகப் போகும்போது, பக்கத்து மேசையில் இருபது வயதுப் பையன் ஐந்தே நிமிடத்தில் ஒரு கோப்பிக் குவளையை அச்சு அசலாக வரைந்து வைக்கும்போது எல்லாம் அது காதில் கேட்டது. மூன்று வருடமாகிறது. இந்தக் கட்டுரையை அண்ணனுக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் படிப்பார் என்று தெரியும்.

முதலில் ஒரு மிளகாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன்புவரை எங்கள் அலுவலகம் பிராஸ் பாசா பக்கம் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்டாம்ஃபர்ட் சாலையில் கொஞ்ச தூரம் நடப்பது வழக்கம். தேசிய அரும்பொருளகத்தின் புல்வெளியில் ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு சிவப்பு மிளகாய் இருக்கும், வெண்கலத்தில் செய்தது. அதை எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. சுற்றுப்பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நான் ஒதுங்கிப் போவேன். யார் செய்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஓவிய வகுப்பில் சேர்ந்த பிறகுதான், ஒரு நாள் நின்று பெயர்ப்பலகையைப் படித்தேன். "பெடாஸ் பெடாஸ்", 2006. பெடாஸ் என்றால் மலாயில் காரம். செய்தவர் குமாரி நாகப்பன்.

நாகப்பன்! நம் வீட்டுப் பெயர். எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேனே என்று வருத்தமாகவும் இருந்தது. சிங்கப்பூரில் பொது இடத்தில் இருக்கும் பெரிய சிற்பம் என்றால் எங்கோ வெளிநாட்டு ஆண் ஒருவர் செய்திருப்பார் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1953இல் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், லண்டனில் உள்ளரங்க வடிவமைப்புப் படித்தவர், சிங்கப்பூருக்கு வந்து, அப்புறம்தான் முறையாக ஓவியமும் சிற்பமும் கற்று முழு நேரக் கலைஞராக ஆனார். அந்த மிளகாய் அங்கே வந்தபோது அவருக்கு 53. சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இருக்கும் பெரிய சாகா விதை அவருடையதுதான். ஆர்ச்சர்ட் சாலை ஐயன் கடைத்தொகுதிக்கு முன்னால் இருக்கும் சாதிக்காயும் அவருடையதுதான். பத்திரி சிவப்பாகச் சுற்றிக்கொண்டிருக்குமே, அது. ஒரு காலத்தில் அந்த ஆர்ச்சர்ட் பகுதி முழுக்கச் சாதிக்காய்த் தோட்டமாக இருந்தது, அதனால் அந்தக் காய் அங்கே வந்து நிற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மிளகாய், சாதிக்காய், விதை. நம் அஞ்சறைப்பெட்டியிலும் வாசல் மரத்தடியிலும் கிடக்கிற சாமான்களை எடுத்து, ஆள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு அவர் வளர்த்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அந்த மிளகாயைக் காட்டினேன். அம்மாவுக்கு அப்போது 77. சுற்றி ஒரு முறை நடந்தார், கையை வைத்துப் பார்த்தார். "இது வத்தலுக்குக் காயப்போடுற மிளகாய் இல்ல. பழுத்த மிளகாய், சம்பாலுக்கு அரைக்கிறது. தோல் எப்படி மினுமினுன்னு இருக்கு பாரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெடாஸ்தான்" என்று மலாயில் தனக்குள் சொல்லிக்கொண்டார். எத்தனை விமர்சகர் எழுதினாலும் இந்த ஒரு பார்வை வராது என்று எனக்குத் தோன்றியது. அறுபது வருடம் மிளகாய் கிள்ளிய கை சொல்கிற விமர்சனம் அது.

சாகா விதையின் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது அவர் இன்னும் பரவசமானார். சாகா என்று இங்கே மலாய்க்காரர்கள் சொல்வது நம் ஆனைக்குன்றிமணிதான், சில ஊர்களில் மஞ்சாடி என்பார்கள். ஒவ்வொரு விதையும் ஏறக்குறைய ஒரே எடை இருக்கும், நாலு சேர்ந்தால் கிட்டத்தட்ட 1 கிராம். அதனால்தான் அந்தக் காலத்தில் தங்கம் நிறுக்க அதை வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது பல்லாங்குழி. ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். மரத்தடியில் பொறுக்கிய விதைகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தபோது டின்னோடு கொண்டுவந்தவர். டின் துருப்பிடித்துவிட்டது. விதைகள் இன்னும் அதே சிவப்பு.

சரி, அண்ணனின் பழமொழிக்கு வருகிறேன்.

மிளகாய்க்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தப் பெண் கலைஞரின் பெயரைப் படித்தாலும் அவர் பிறந்த வருடத்தையும் அந்தப் படைப்பின் வருடத்தையும் கழித்துப் பார்ப்பேன். கணக்குக்காரப் புத்தி. அந்தக் கழித்தலில் வருகிற எண்கள்தான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தன.

தேசியக் கலைக்கூடத்தில் ஜார்ஜெட் சென் வரைந்த தன்னுருவப் படம் ஒன்று இருக்கிறது. மிகச் சிறியது, பள்ளிப் பயிற்சிப் புத்தகம் அளவுதான். முதல் தடவை போனபோது நான் அதைத் தவறவிட்டேன், பக்கத்திலிருந்த பெரிய படங்கள் கண்ணை இழுத்துக்கொண்டன. இரண்டாம் தடவை அதன் முன்னால் நின்றேன், நகர முடியவில்லை. முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, இமைகளைத் தாழ்த்தி நம்மைப் பார்க்கிறார். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. "நீ பார்த்துவிட்டுப் போகலாம், நான் இங்கேயேதான் இருப்பேன்" என்பது போல ஒரு பார்வை. 1946 வாக்கில் வரைந்தது. அப்போது அவருக்கு 40.

அந்த நாற்பது வயதுக்குள் அவருக்கு நடந்ததைக் கேளுங்கள். 1906இல் பிறந்தவர், சீனாவின் செஜியாங்கைச் சேர்ந்த வசதியான குடும்பம். அப்பா கலைப்பொருள் வணிகர், சன் யாட்சென்னின் புரட்சிக்குப் பணம் கொடுத்தவர். பாரிஸ், நியூயார்க், ஷாங்காய் என்று வளர்ந்து, நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஓவியம் படித்தார். 1930இல், தன்னைவிட மிகவும் மூத்தவரான யூஜின் சென்னை மணந்தார். அவர் சீனக் குடியரசின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், பிறந்ததோ டிரினிடாட் தீவில். போர் வந்தது. ஹாங்காங் ஜப்பானியர் கையில் விழுந்ததும் இருவரையும் பிடித்தார்கள், ஷாங்காயில் வீட்டுக் காவலில் வைத்தார்கள். 1944இல் யூஜின் சென் அங்கேயே இறந்தார். அதற்கு இரண்டு வருடம் கழித்து வரைந்த முகம்தான் அந்தச் சின்னப் படத்தில் இருப்பது. இதெல்லாம் தெரிந்த பிறகு மறுபடியும் போய் அந்தத் தாழ்ந்த இமைகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

இரண்டாவது திருமணம் நிலைக்கவில்லை. 1951இல் பினாங்குக்கு வந்தார், பள்ளியில் பாடம் நடத்தினார். 1953 வாக்கில் சிங்கப்பூர். வயது 47. கணவன் இல்லை, குழந்தை இல்லை, அப்பாவின் செல்வம் இல்லை, இங்கே சொந்தபந்தம் என்று யாரும் இல்லை. நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தவர், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே ஆசிரியராக இருந்தார்.

நம்மில் பலர் அந்த வயதில் புது இடத்துக்குப் போனால் பழைய ஊரின் நினைப்பிலேயே மிச்ச நாளைக் கழித்துவிடுவோம். அவர் என்ன செய்தார் தெரியுமா, மலாய் படித்தார். சரளமாகப் பேசுகிற அளவுக்குப் படித்து, தனக்கு "செண்டானா" என்று ஒரு மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். சென் என்ற பெயர் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது பாருங்கள். செண்டானா வேறொன்றும் இல்லை, நம் சந்தனம்தான். சிக்லாப்பில் வீடு. படங்களில் சாத்தே விற்கிற பையன்கள், கிழக்குக் கடற்கரை வியாபாரி, கோலாலம்பூர்ப் பள்ளிவாசல், தட்டு நிறையப் பழங்கள். 1965இல் வரைந்த "இனிப்பு ரம்புத்தான்" படத்தின் முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். பாரிஸில் படித்த கைதான், ஆனால் அந்த ரம்புத்தான் மயிர்களின் நுனியில் இருக்கிற பச்சை இருக்கிறதே, பழம் பறித்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும் என்று சொல்கிற பச்சை, அதை இந்த மண்ணில் சந்தைக்குப் போய்க் கூடை கூடையாக வாங்கி வந்த ஒருவரால்தான் வரைய முடியும். அப்போது அவருக்கு 59 வயது.

இருபது வயதிலேயே தூரிகை பிடித்தவர்தானே, இவர் எப்படி ஐம்பதில் வளைந்தவர் ஆவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இன்று சிங்கப்பூர் எதற்காக அவரை நினைக்கிறதோ அதில் பெரும்பகுதி 47 வயதுக்குப் பிறகு வந்தது. அவர் மறுபடியும் முதல் வகுப்பில் உட்கார்ந்தார், புது வெயிலுக்கும் புதுப் பழத்துக்கும் புதுச் சொல்லுக்கும். கூடவே விரல்களில் முடக்குவாதம். அந்த விரல்களோடு வரைந்தார். 1982இல் சிங்கப்பூர் கலைஞர்களுக்குத் தரும் உயரிய விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது, ஏறக்குறைய அதே சமயம் மருத்துவமனையில் சேர்ந்தவர் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து 1993இல் காலமானார். அவர் பெயரில் கலை மாணவர்களுக்கு ஒரு உபகாரச் சம்பளமும் ஏற்படுத்தினார்கள்.

அந்த மிளகாய் இருந்த அதே அரும்பொருளக வளாகத்தில் கருங்கல் துண்டுகள் வரிசையாக நிற்கும். ஆறு துண்டுகள், ஒரே பாறையில் வெட்டியவை. பெயரே "20 டன்". 2002இல் ஹான் சாய் போர் செய்தது. 1943இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு நன்யாங்கில் படித்து, அப்புறம் இங்கிலாந்துக்குப் போய் உல்வர்ஹாம்ப்டனில் 1983இல் பட்டம் வாங்கினார். அப்போது 40. 20 டன் செய்தபோது 59. கல்லில் வேலை செய்வது என்றால் என்ன என்று நம் சிற்பிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உளி அடிக்கு அடி மணிக்கட்டில் திருப்பி அடிக்கும், தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறும், ஒரு அடி தப்பினால் ஒட்ட முடியாது. எஸ்பிளனேடு பக்கம் போனால் அவருடைய விதைச் சிற்பங்களைப் பார்க்கலாம். பிள்ளைகள் ஏறி விளையாடி விளையாடி வழுவழுப்பாகியிருக்கும். நானும் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன், யாருடையது என்று தெரியாமலே.

ஐந்தில் வளைந்தவர்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கிம் லிம் 1936இல் சிங்கப்பூரில் பிறந்தவர், 18 வயதிலேயே லண்டனுக்குப் போய்ச் சிற்பம் படித்தவர், மரத்திலும் கல்லிலும் அவ்வளவு அமைதியான வடிவங்களைச் செய்துவிட்டு 1997இல் அங்கேயே இறந்தார். 2024இல்தான் இங்கே தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளை ஒன்றாக வைத்தார்கள். அவர் சீக்கிரம் தொடங்கினார், ஊர் தாமதமாகப் பார்த்தது. இதில் யார் வளைய நேரமானது என்று சொல்லுங்கள்.

இனி அமாண்டா ஹெங். இவரைப் பற்றி எழுதத்தான் நான் உண்மையில் உட்கார்ந்தேன்.

1951இல் பிறந்தவர். வருமான வரி அலுவலராக வேலை பார்த்தவர். இதைப் படித்தவுடனே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அந்த வாழ்க்கை தெரியும்: கட்டுக் கட்டாகக் கோப்பு, எண்களைச் சரிபார்ப்பது, ஒரு காசு இடித்தாலும் முதலிலிருந்து பார்ப்பது, மாலையில் கண் எரிய வீட்டுக்கு வந்து சோறு வைப்பது. நிலையான சம்பளம் வருகிற அந்த வேலையை முப்பதுகளின் நடுவில் விட்டுவிட்டு லாசால் கலைக் கல்லூரியில் அச்சோவியம் படிக்கப் போனார். 1988இல் செம்பவாங் பக்கம் ஒரு கோழிப்பண்ணை நிலத்தில் தாங் டா வூ என்ற கலைஞர் தொடங்கிய "கலைஞர் கிராமம்" குழுவில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்.

அவர் கலை வடிவமாக எடுத்துக்கொண்டது நிகழ்த்துகலை, அதாவது தன் உடம்பையே கருவியாக்குவது. 1993 கடைசி இரவில் வேறொரு கலைஞர் செய்த ஒரு நிகழ்வு பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு சுமார் பத்து வருடம் தேசிய கலைகள் மன்றம் நிகழ்த்துகலைக்கு நிதி கொடுக்கவில்லை. பலர் ஓவியத்துக்கும் ஊருக்கு வெளியேயும் போனார்கள். அமாண்டா ஹெங்கின் முக்கியமான பல படைப்புகள் அந்தப் பத்து வருடத்துக்குள்தான் வந்தன. 1999இல் "நடப்போம்" என்று ஒன்று: வாயில் ஒரு குதிகால் செருப்பைக் கவ்விக்கொண்டு, கையில் ஒரு முகக்கண்ணாடியைப் பிடித்துப் பின்புறத்தைப் பார்த்தபடியே தெருவில் பின்னோக்கி நடந்தார். 1997 பொருளாதார நெருக்கடியில் பல பெண்கள் வேலை இழக்க, மற்றவர்கள் அழகைக் கூட்டிக்கொண்டால்தான் வேலை நிலைக்கும் என்று செலவழித்த காலம் அது. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. நேர்காணலுக்குக் குதிகால் செருப்பு கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் என்னை அசைத்தது 1996இல் அவர் தொடங்கிய "பேசுவோம்". ஒரு மேசை, சுற்றி நாற்காலிகள், தேநீர், நடுவில் ஒரு குவியல் தவ்கே, அதாவது முளைவிட்ட பயறு. வருகிறவர்கள் உட்கார்ந்து தவ்கேயின் வாலைக் கிள்ளிக்கொண்டே பேச வேண்டும், அவ்வளவுதான். இங்கே வளர்ந்த எவருக்கும் தவ்கே கிள்ளுவது என்றால் என்ன என்று தெரியும். ஒரு பெரிய கிண்ணத் தவ்கே மீ கோரெங்குக்குப் போனால் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும், ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு முளையாக எடுத்து, பழுப்பு வாலை நகத்தால் நறுக்கி, பச்சைத் தொப்பியை உதறி, ஒரு மணி நேரம் போகும். அதைச் செய்யாமலும் சமைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் நம் அம்மாக்கள் செய்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேச்சு வரும். யார் வீட்டில் என்ன, யாருக்கு எப்போது குழந்தை, யார் யாரோடு பேசுவதில்லை. என் சின்ன வயதில் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சீன அத்தையும் வாசல் நடையில் உட்கார்ந்து பாதி மலாய் பாதி சைகையில் பேசிக்கொண்டே கிள்ளுவார்கள். அதை ஒருவர் கலைக்கூடத்துக்குள் மேசை போட்டுக் கொண்டுபோய் வைத்தார் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை யாரோ எண்ணியிருக்கிறார்கள், கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள்.

அதே வருடங்களில் "இன்னொரு பெண்" என்று ஒரு புகைப்பட வரிசையும் செய்தார். அவரும் அவர் அம்மாவும். அம்மாவுக்குத் தெரிந்தது தியோச்சியு என்ற சீனப் பேச்சுமொழி, மகளோ ஆங்கிலமும் மாண்டரினும் பேசிய தலைமுறை. ஒரே வீட்டில் இருந்தும் மனதில் இருப்பதைச் சொல்லச் சொல் போதவில்லை. அதனால் படமெடுக்க உட்கார்ந்தார்கள். கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு. பெரியவர்கள் ஆன பிறகு நாம் அம்மாவைக் கடைசியாக எப்போது கட்டிப்பிடித்தோம்? என் வீட்டில் இது அப்படியே நடக்கிறது, ஒரு தலைமுறை தள்ளி. என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். பாட்டி தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், பாட்டி தலையை ஆட்டுகிறார், இருவருமே புரிந்ததாகக் காட்டிக்கொள்கிறார்கள். நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறேன். அமாண்டா ஹெங் 2014இல், ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, மறுபடியும் அம்மாவோடு படமெடுத்தார். 2010இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கொடுத்தார்கள்.

இப்போது அண்ணனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதில் வளையாது என்பது மரத்துக்குச் சரி. கம்பு காய்ந்துபோனால் வளைக்க ஒடியும். ஆனால் இந்தப் பெண்கள் ஐம்பது வரை சும்மா காய்ந்துகொண்டிருக்கவில்லையே. வரி அலுவலகத்தில் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்த பொறுமைதான் ஒவ்வொரு தவ்கேயாகக் கிள்ளுகிற பொறுமை. வீட்டுக்குள் எந்தப் பொருள் எங்கே இருந்தால் கண்ணுக்கு இதம் என்று படித்தவர்தான் ஒரு மிளகாயை எந்த அளவுக்குப் பெரிதாக்கலாம் என்று கணித்தார். பல ஊரில் பல மொழியில் வாழ்ந்தவருக்குத்தான் மலாயும் வந்தது. முன்னால் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார்கள். இன்னொன்றும் உண்டு, அண்ணா. அவர்களுக்கு ஏன் அவ்வளவு நேரமானது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வேலை, சம்பளம், வீடு, போர், விதவைக் கோலம். பழமொழியில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

என் மகளுக்குப் பிடித்தவர் வேறு. அவளுடைய தலைமுறைக்காரர், 1992இல் இங்கே பிறந்த தமிழ்ப் பெண், பிரியகீதா தியா. 2017இல், லாசாலில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜாலான் ராஜாவில் தான் குடியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் ஒரு படிக்கட்டு முழுக்கத் தங்கத்தாள் ஒட்டிவிட்டார். சிமென்ட் படி தகதகவென்று மின்னியது. அனுமதி இல்லாமல் செய்தது என்று நகர மன்றம் சொன்னது. கலையா, பொது இடத்தைச் சிதைப்பதா என்று ஊரே பேசியது, எங்கள் அலுவலகத்திலும் இரண்டு நாள் அதே பேச்சு. கொஞ்ச நாளில் படிகள் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டன. அப்போது நானும் "இது தேவையா" என்றுதான் சொன்னேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன். மின்தூக்கி இருக்கிற கட்டடத்தில் யாரும் ஏறிப் பார்க்காத படிக்கட்டு அது. நம் வீட்டில் தங்கம் என்றால் பூட்டி வைப்போம், அவர் அதை மிதிக்கிற இடத்தில் வைத்தார்.

அப்புறம் அவர் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். மலாயாவுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலிகளின் கதையைக் கணினி வரைகலையிலும் ஒளியிலும் ஒலியிலும் செய்யத் தொடங்கினார். 2022இல் தொடங்கிய கொச்சி பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் "கடல் ஒரு நீல நினைவு" என்ற அவர் படைப்பு இடம்பெற்றது. தோட்டத்தைப் பற்றி அவர் செய்த ஒளிப்படைப்பின் துணுக்கு ஒன்றை மகள் தன் மடிக்கணினியில் அம்மாவுக்குக் காட்டினாள். ரப்பர் மரங்கள், கணினியில் செய்தவை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, போனது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் அம்மா பால் மரம் வெட்டியது, மங்கில் பால் நிரம்பும் முன் மழை வந்தால் அன்றைய கூலி போனது என்று சொல்ல ஆரம்பித்தார். என் பாட்டி கோட்டுப்பாலை, மரத்தில் உறைந்துபோன ரப்பர்ப் பாலை, உருட்டி அம்மாவுக்குப் பந்து செய்து கொடுப்பாராம். இதை நானே அதுவரை கேட்டதில்லை. என் மகள் "மங்குன்னா என்ன பாட்டி?" என்று கேட்டாள். தமிழில். நான் மொழிபெயர்க்கக் கிளம்பிய வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். தேக்கா ஈரச்சந்தையில் வாங்கி வந்த தவ்கேயை மேசையில் கொட்டுவோம். மகள் மெதுவாகத்தான் கிள்ளுவாள், பாதி வாலோடு போகும், அம்மா அதை எடுத்து மறுபடி கிள்ளுவார். நான் எதிரில் உட்கார்ந்து அம்மாவின் கைகளை வரைகிறேன். போன மாதம் பேச்சு பல்லாங்குழிக்குப் போய், மைலோ டின் இறங்கி வந்தது. கொட்டி எண்ணினால் 61 விதைகள். பதினாலு குழிக்குக் குழிக்கு ஐந்தென்று வைத்தால் 70 வேண்டும். ஒன்பது குறைகிறது. ஞாயிறு காலை பாட்டியும் பேத்தியும் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கிற சாகா மரத்தடிக்குப் போய்ப் பதினொன்று பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூச்சி துளைத்த இரண்டைத் தள்ளி வைத்தார்.

ஓவியத்தில் எல்லாம் ஓரளவு வந்துவிட்டது, அம்மாவின் இடது கட்டைவிரல் நகம் மட்டும் வரவில்லை. வருடக்கணக்காகக் கிள்ளிக் கிள்ளி அதன் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது, கறுப்பாக. அதைக் கோடாகப் போட்டால் வெடிப்பு மாதிரி தெரிகிறது, நிழலாகப் போட்டால் அழுக்கு மாதிரி தெரிகிறது. நாளை சனிக்கிழமை. ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.